மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு கதவு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நெற்றியில் போட்ட தையலைத் தவிர மற்றபடி நான் நலம். நீயும் அப்பாவும் நலமா? அவருடைய மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் அவருக்குக் காது கேட்பதில்லை, கடையில் நாலு பேர் முன்னால் நீ உரக்கப் படித்தால்தான் அவருக்குத் திருப்தி என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். இதை மட்டும் கடையில் படிக்காதே. தையல் என்று காதில் விழுந்தால் கறிவெட்டும் கத்தியோடு பஸ் ஏறிவிடுவார்.

முதியோர் மருத்துவ நிதி வற்றிக்கொண்டு வருகிறது, அக்கா. சம்பளத்தில் பிடித்து நிதிக்குக் கட்டுகிற இளவட்டங்கள் குறைகிறார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கிற பெரியவர்கள் கூடுகிறார்கள். எங்கள் தலைமை அலுவலகத்துக் கணக்குப்படி இன்னும் ஒன்பது வருஷத்தில் பெட்டி காலி. அப்போது உனக்கு அறுபது. நீ அட்டையை நீட்டுவாய். 'அத வெச்சு விசிறிக்கங்கம்மா' என்பார்கள். அதனால் எல்லாருடைய பழைய பச்சை அட்டையையும் வாங்கிக்கொண்டு, செலவு குறைந்த நீல அட்டை கொடுக்கிறோம். கட்டாயமில்லை, விருப்பப்பட்டவர்கள் மட்டும். என்னை அந்த அட்டை மாற்றும் பிரிவில் போட்டிருக்கிறார்கள்.

விருப்பப்பட்டவர்கள் யாரும் இல்லை. நேற்று ஒரு கிழவர், நடைவண்டியை ஊன்றிக்கொண்டு வந்தவர், 'அட்டையப் புடுங்கறதுக்கு என் கழுத்த அறுத்துடேன்டா!' என்று என் மேஜையில் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து வீசினார். என் ரத்தம் கோப்பில் எல்லாம் வழிந்தது. காவலாளிகள் அவரை நடைவழியில் இழுத்துப் போட்டு மிதித்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தர மாட்டேன் என்று அடம்பிடித்த அதே பச்சை அட்டையில்தான் இப்போது அவருக்கு வைத்தியம் நடக்கிறது.

ஏதோ நினைப்பில் ஒன்று கேட்கிறேன். பட்டியை விட்டு வர மறுக்கும் ஆடுகளை அப்பா எப்படி அறுப்புக் கூடத்துக்குள் கொண்டுபோவார்? மாப்பிள்ளை என்று ஒரு ஆடு இருந்ததே, அது என்ன செய்யும்? நான்தான் முதல் நாளே வாந்தியெடுத்து ஓடிவந்தவன், எதையும் சரியாகப் பார்க்கவில்லை. விவரமாக எழுது.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

இங்கே நானும் அப்பாவும் ஆடுகளும் நலம். ஆடுகள் நாளைக் காலை வரைதான்.

உன் தையல் ஆறியதா? வெந்நீர் படாமல் பார்த்துக்கொள். அந்தக் கிழவரை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. நடைவண்டியில் வந்த மனுஷனை மிதிக்கிறவன் எல்லாம் ஒரு காவலாளியா? நம் கூடத்தில்கூடக் கீழே விழுந்த ஆட்டை மிதித்தால் அப்பா கன்னத்தில் அறைவார். நீ பார்த்துக்கொண்டா நின்றாய்?

மாப்பிள்ளை கதையைக் கேட்டாயே, சிரிப்பு வந்தது. ஆட்டைப் பின்னாலிருந்து தள்ளினால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். கொம்பைப் பிடித்து இழுத்தால் அலறும். ஒன்று அலறினால் பட்டி முழுக்க மிரளும். அப்படி மிரண்ட கிடா ஒன்று முட்டித்தான் போன வருஷம் அப்பாவுக்கு விலா எலும்பு போனது. மாப்பிள்ளையை அவிழ்த்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. கழுத்தில் மணியும் தாடியுமாக, பெண் பார்க்கப் போகிற தோரணையில் அது முன்னால் நடக்கும். மற்றவை வாயைத் திறக்காமல் வரிசையாகப் பின்னால் வரும். கூடத்துக்குள் நுழைந்ததும் அது மட்டும் இடது பக்கம் திரும்பும். அங்கே ஒரு சின்னக் கதவு, வெளியே போனால் ஒரு பிடி கடலை. மற்றவைக்குக் கத்தி, கொக்கி, தோலுரிப்பு.

முதல் ஆட்டின் கழுத்தைத் தொடுவதற்கு முன்னால் அப்பா அந்தப் பக்கக் கதவைச் சாத்திவிடுவார். மாப்பிள்ளைக்கு ரத்தவாடை படக் கூடாதாம். 'தெரியாமதானே கூட்டிட்டு வருது? தெரிஞ்சு பண்ணுச்சுன்னா அது ஆடே இல்லடா' என்பார். ஆடு கசாப்புக்கடைக்காரனைத்தான் நம்பும் என்று சும்மாவா சொன்னார்கள்! இப்போது இருக்கிறது அஞ்சாவது மாப்பிள்ளை. முன்னால் இருந்த நாலும் வயசாகித் தானாகச் செத்தவை. மாப்பிள்ளை மேல் மட்டும் நம் வீட்டுக் கத்தி பட்டதில்லை.

திடீரென்று தொழில் மேல் அக்கறை வந்துவிட்டதா? 'பையன் தொழில் கத்துக்கலையே' என்று அப்பா இன்னும் புலம்புகிறார். கடைப் பெஞ்சில் டிரைவர் மாமாவும் வாத்தியாரும் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உன் அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நலம், தையல் பிரித்தாகிவிட்டது. இந்தக் கடிதத்தைக் கடையில் எல்லார் முன்னாலும் படி. அப்பாவுக்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பா, இந்த மாதம் இருபதாம் தேதி நம் ஊரில் அட்டை மாற்றும் முகாம். ஊரில் மதிப்புள்ள ஒருவர் முதலில் வந்து நீல அட்டை வாங்கினால் நன்றாக இருக்கும் என்று எங்கள் மேலாளர் சொன்னார். எனக்கு உங்களைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. உங்களுக்கு மேடையில் நாற்காலி உண்டு. நீல அட்டைக்காரர்களுக்கு மூக்குக் கண்ணாடியும் பல்செட்டும் இலவசம். நீங்கள் எலும்பு கடித்துப் பத்து வருஷம் ஆகிறதே. நீங்கள் முன்னால் நின்றால் எனக்குப் பெருமை. நிதி பிழைத்தால்தான் நாளைக்கு அக்காவுக்கும் ஏதாவது மிஞ்சும்.

டிரைவர் மாமா, வாத்தியார், எல்லாருக்கும் என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்


மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். நலம் மட்டுமில்லை, எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிகிறார்கள். தெரு முழுக்கப் பளபளவென்று ஒரே மாதிரிப் பல். வாத்தியார் சிரித்தால் சின்னப் பிள்ளைகள் பயந்து அழுகின்றன.

முகாமுக்கு அப்பா சலவைச் சட்டையில் போனார். மேடையில் உன் மேலாளர் எழுந்து கும்பிட்டதும் மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கையெழுத்துப் போட்டுப் பச்சை அட்டையை நீட்டினார். 'என் பையன் சொல்லிட்டான், வாங்கப்பா!' என்று ஒரு குரல்தான். பெஞ்சு அப்படியே எழுந்து வந்தது. அதற்குப் பின்னால் தெரு, அதற்குப் பின்னால் ஊர். மூட்டை மூட்டையாகப் பச்சை அட்டையை அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒரு கிழவி மட்டும் 'இதுல என்ன கொறையுதுன்னு சொல்லு' என்று நின்றாள். காவலாளி அவள் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதில் படியில் மண்டை இடித்து ரத்தம் வந்தது. அப்பாவே அவளைத் தூக்கி, துண்டால் துடைத்து, வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். அவளும் கொடுத்துவிட்டாள்.

அவள் கேட்டதையே நானும் கேட்கிறேன். எதில் குறையும்? டிரைவர் மாமாவுக்கு வாரா வாரம் டயாலிசிஸ் நடக்கிறது. அதற்கு ஒன்றும் வராதே? முகாமில் கேட்டதற்கு 'அப்புறம் சொல்றோம்' என்றார்கள். நீ சொல்லு. சீக்கிரம் எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

நலம். எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. தனி அறை, சுழல் நாற்காலி, சமையலறைச் சந்துப் பக்கத்து ஷட்டரின் சாவி, எல்லாம் என் பொறுப்பு. சாவியைத் திருகினால்தான் ஏறி இறங்கும் அந்த மின்சார ஷட்டருக்கு வேறு சாவியே கிடையாது என்றால் எவ்வளவு நம்பிக்கை என்று பார்த்துக்கொள். நம் ஊர் முகாமைப் பார்த்துவிட்டு எல்லா ஊரிலும் அதே முறையில் நடத்தச் சொல்லிவிட்டார்கள். நிதிக்கு இன்னும் பல வருஷ ஆயுள் கிடைத்திருக்கிறது என்று மேலாளர் மேஜையைக் குத்தியதில் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது.

அப்பாவுக்கு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். கழுத்தளவு சரியாக இருக்கிறதா என்று எழுது. வேலை அதிகம், மற்றவை பிறகு.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

நான் நலமில்லை. அப்பாவும் நலமில்லை. டிரைவர் மாமா செத்துவிட்டார்.

நீல அட்டைக்கு வருஷ வரம்பு ஒன்று இருக்கிறதாமே. அவருக்கு அது மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மெஷின் காலியாகத்தான் இருந்தது. 'அடுத்த வருஷம் வாங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உடம்பெல்லாம் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் நெஞ்சடைத்து, பத்து நாளாகத் தண்ணீருக்குள் முங்கிச் சாகிற மாதிரி வீட்டுக்குள்ளேயே செத்தார் மனுஷன். கடைசி இரண்டு நாள் அவர் அலறியது நம் கடை வரைக்கும் கேட்டது.

பிணத்தை எடுத்துக்கொண்டு போய் வந்த மறுநாள் காலை, கடை திறந்த நேரம், உன்னோடு படித்தானே அவர் மகன் சுருட்டை, அவன் ஆள்களோடு வந்தான். 'எங்கப்பன் கழுத்த அறுத்த கிழவன் எங்கடி?' என்றான். கண்ணாடிப் பெட்டியை உடைத்தார்கள். கறியைச் சாக்கடையில் வீசினார்கள். அப்பாவை அவர் தினமும் கறி வெட்டுகிற கட்டையிலேயே தலையைச் சாய்த்து அமுக்கிக்கொண்டு, சுருட்டை எடைக்கல்லால் அடித்தான். அப்பா கையைத் தூக்கவில்லை. ஒரு கிடாவை ஒற்றைக் கையால் மல்லாத்துகிற மனுஷன், அடி வாங்கிக்கொண்டே 'அடிடா, அடி' என்றார். புதுப்பல் உடைந்து சிதறியது. பெஞ்சில் இருந்த வாத்தியாரும் மற்றவர்களும் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன் தடியால் அப்பாவின் முதுகில் தானும் ஒன்று வைத்தான். முப்பது வருஷமாக நம் கடையில் ஈரல் கடன் வாங்கித் தின்றவன்.

சுருட்டை மறுபடியும் கல்லை ஓங்கியபோது நான் வெட்டுக்கத்தியை எடுத்துவிட்டேன். அப்பாவின் தலையை அமுக்கிய கை கட்டையின் மேல் இருந்தது. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்பார்கள். எனக்குக் கிடைத்த துண்டு இரண்டும் அவன் விரல்.

கேஸ் போட்டிருக்கிறார்கள். தினமும் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போடுகிறேன், ஊரை விட்டு நகரக் கூடாது. அப்பாவுக்கு மண்டையில் பெரிய காயம், விலா இரண்டு போச்சு. அவருக்கு வைத்தியம் பார்த்ததிலேயே அவருடைய நீல அட்டையும் வரம்பைத் தொட்டுவிட்டது.

உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்கிறேன். வரம்பு இருக்கிறது என்று உனக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

அக்கா


ஜூலை 8

தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. உயிரோடு இருக்கிறாய் என்று பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அலுவலக வாசலில் பெரியவர்களை அடித்து விரட்டிய படத்தில் உன் தலை தெரிகிறது. தையல் தழும்பு நன்றாக ஆறியிருக்கிறது.

நேற்றுக் காலை கூடத்தில் நான்தான் நின்றேன். மாப்பிள்ளையை அவிழ்த்துவிட்டார்கள். மணியை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தது. பின்னால் வரிசை. அது இடது பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஏதோ நினைப்பில் கேட்டாயாமே. ஏண்டா கேட்டாய்? பாவி, கேட்டதுக்கு நான் வேறு கடலை வரைக்கும் விவரமாக எழுதினேனேடா!

அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல நினைக்கவும் இல்லை. அவர்தான் கட்டிலில் படுத்தபடியே, 'அந்த லெட்டர எனக்கும் படி' என்றார். கடையில் படிக்காதே என்று நீ எழுதிய வரியைக்கூட விடாமல் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மண்டைக் கட்டோடு எழுந்து, ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். பக்கக் கதவைத் திறந்து, வெளியே கடலை மென்றுகொண்டிருந்த மாப்பிள்ளையை உள்ளே இழுத்தார். அது அலறவே இல்லை, அப்பாதானே என்று வந்தது. கண்ணைப் பொத்தி, முழங்காலை ஊன்றி, அவர் கையாலேயே அறுத்தார். மணி வெகுநேரம் அடித்துக்கொண்டிருந்தது.

கத்தியைக் கழுவும்போது சொன்னார்: 'பையன் நல்லா தொழில் கத்துக்கிட்டான்.'

அவ்வளவுதான் சொன்னார். உன் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. இருந்தாலும் எழுது.

அக்கா


ஜூலை 24

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. அப்பாவுக்குக் காயம் ஆறுகிறதா?

வரம்பு எனக்குத் தெரியும். வாங்குகிறவர் அத்தனை பேரும் டயாலிசிஸ்காரர்களா என்ன? பத்துப் பேருக்குக் குறைத்தால் நூறு பேருக்கு மிஞ்சும் என்றுதான் கணக்கு. அந்த நூறில் ஒன்று நீ. உன் வயசைப் போட்டுப் பார்த்துத்தான் நானே அந்தக் கணக்கை நம்பினேன். எதையும் வெட்டாமல் நிதியைக் காப்பாற்ற உனக்கு வழி தெரிந்தால் சொல்லு. இங்கே யாருக்கும் தெரியவில்லை. வெட்டுகிறவன் கெட்டவன், தின்கிறவர்கள் எல்லாம் நல்லவர்கள், அப்படித்தானே? நம் வீட்டுத் தொழிலையே கேட்டுப் பார். டிரைவர் மாமா தோளில் ஏறித்தான் நான் ஊர் பார்த்தேன். அவர் சாக வேண்டும் என்று நான் நினைப்பேனா?

நீ கேட்ட இன்னொன்றை நேரில் பேசுவோம்.

இப்போது எழுதப்போவதைப் படித்ததும் கிழித்துப் போடு. அட்டை மாற்றிய ஆறு மாதத்துக்குள் நேரில் வந்து கேட்டால் பச்சை அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று உத்தரவும் இருக்கிறது. நம் ஊருக்கு ஆகஸ்ட் இருபதோடு கெடு முடிகிறது. முன்வாசல் வழியாக யாரும் உள்ளே வர முடியாது. பேப்பரில் பார்த்தாயே, அதை விட மோசம். காவலாளிகள் கையில் இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். சமையலறைச் சந்தில் இருக்கும் ஷட்டரைப் பத்தொன்பதாம் தேதி காலை நான் திறந்து வைக்கிறேன். நுழைந்ததும் இடது பக்கம் முதல் அறையில் நம் ஊர் மூட்டைகள் கிடக்கின்றன. நானே தேடி எடுத்து முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவை மட்டும் அனுப்பு. மட்டும் என்பதற்கு இரண்டு கோடு போட்டிருக்கிறேன், பார்.

தம்பி


ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். எனக்கு இடது கையில் கட்டு, வேறு ஒன்றும் இல்லை. அப்பாவை வண்டியில் ஏற்றி அனுப்பியபோது கூட வர முடியவில்லை. இங்கே விசாரணை நடக்கிறது. நடந்ததை உனக்கு எழுத வேண்டும் என்று தினமும் உட்கார்கிறேன்.

சொன்ன நேரத்துக்கு அப்பா வந்தார். நான் அனுப்பிய சட்டையைப் போட்டிருந்தார். கழுத்தளவு சரியாகத்தான் இருந்தது. உடைந்த பல்லோடு சிரித்தார். 'உள்ள வாங்கப்பா, சீக்கிரம்' என்றேன். அவர் உள்ளே வராமல் சந்தைத் திரும்பிப் பார்த்து, 'வாங்கய்யா, இங்க ஒரு வழி இருக்கு' என்று குரல் கொடுத்தார். நம் ஊர் முழுக்க அங்கே நின்றது, அக்கா. வாத்தியார், டிரைவர் வீட்டு அத்தை, முகாமில் மண்டை உடைந்த கிழவி, அப்பாவை அன்றைக்குத் தடியால் அடித்தவர். எப்படித்தான் எல்லாரையும் பேசிக் கூட்டி வந்தாரோ.

என் மணிக்கட்டை அப்பா பிடித்தார். அந்தப் பிடி உனக்குத் தெரியும். 'அடிடா முத்திரைய' என்றார். அடித்தேன். மூட்டையை அவர்களே கிழித்துக் கொட்டி அட்டைகளைப் பொறுக்கினார்கள். நான் குத்தக் குத்த ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு சந்து வழியாக வெளியே போனார்கள். 'உங்களுது எங்கப்பா?' என்று கேட்டேன். 'எல்லாருக்கும் ஆகட்டும்' என்றார்.

பாதிப் பேர் வாங்குவதற்குள் மேலாளர் வந்துவிட்டார், பின்னால் காவலாளிகள். முதல் அடி வாத்தியாருக்கு. தாடை ஒரு பக்கமாகப் போனது. அவர் விழுந்தபடியே மேலாளரின் கையைக் கடித்தார். நிதி கொடுத்த பல், நல்ல பல். மேலாளர் உதறியதில் வாத்தியார் தனியாகக் கழன்று வந்துவிட்டார், பல்செட் கையிலேயே தொங்கியது. அதற்கப்புறம் யாரை யார் அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஊன்றுகோல், கம்பி, நாற்காலி, அலறல். தரையில் அட்டையும் ரத்தமுமாக வழுக்கியது. எண்பது வயசுக்காரர்களைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். எனக்கும் யாரோ கையில் போட்டார்கள். மேலாளர் 'ஷட்டர், ஷட்டர்' என்று கத்தினார்.

ஷட்டர் இறங்கியது.

அப்பா ஓடிப்போய் அதற்கு அடியில் முதுகைக் கொடுத்தார். குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முழுக் கிடாவைத் தோளில் தாங்குகிற மாதிரி தாங்கினார். மிச்சம் இருந்தவர்கள் அவர் காலுக்கு இடையில் புகுந்து வெளியே போனார்கள். டிரைவர் வீட்டு அத்தை கடைசி. உள்ளே இருந்து காவலாளிகள் அவரைக் கம்பியால் அடித்தார்கள். ஆறாத விலாவிலேயே அடித்தார்கள். 'அவர் எங்கப்பா' என்று நான் கத்தினேன். அத்தை வெளியே போகிற வரைக்கும் அவர் முட்டி மடங்கவில்லை. மடங்கும்போது என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். சத்தத்தில் எனக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அட்டை கேட்டார்கள்.

பணத்தைப் புரட்டிக்கொண்டு நான் திரும்புவதற்குள் நடைவழியில் வைத்தே முடிந்துவிட்டது.

ஒரு வரி எழுது, அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி


செப்டம்பர் 2

தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். இங்கே பச்சை அட்டை வாங்கி வந்தவர்கள் எல்லாரும் நலம். வாத்தியாருக்குக் கஞ்சிதான் இறங்குகிறது. இந்த வாரம் இரண்டு பேருக்கு டயாலிசிஸ் நடந்தது. திரும்பும் வழியில் நம் வாசலில் நின்று, அப்பாவின் கட்டிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அப்பா வந்து சேர்ந்தார். முதுகில் ஷட்டரின் விளிம்பு அப்படியே பதிந்திருந்தது. நான்தான் குளிப்பாட்டினேன்.

ஷட்டர் இறங்கியது என்று எழுதியிருக்கிறாய். மழை இறங்கியது என்கிற மாதிரி. அதற்கு வேறு சாவியே கிடையாது என்று ஏப்ரலில் பெருமையாக எழுதியவனும் நீதான். உன் கடிதங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, ஒன்றையும் நான் கிழித்துப் போடவில்லை.

அப்பா கேட்டது உனக்கு விளங்கவில்லை என்கிறாய். அவர் காலுக்கு இடையில் புகுந்து அப்போதுதான் வெளியே போன அத்தைக்கு விளங்கியிருக்கிறது. 'கடலை குடுத்தாங்களாடா?' என்று கேட்டாராம். அத்தைக்கு அர்த்தம் புரியவில்லை, என்னிடம் வந்து சொன்னாள். எனக்குப் புரிந்தது. உனக்கும் அப்போதே புரிந்திருக்கும்.

கூடத்தில் இப்போது மாப்பிள்ளை இல்லை. இனி வைக்கப்போவதும் இல்லை. ஒவ்வொரு ஆட்டையும் கொம்பைப் பிடித்துத்தான் இழுக்கிறேன். அலறுகின்றன, முட்டுகின்றன. என் தொடையெல்லாம் கன்றிக் கிடக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

நேரில் பேசுவோம் என்று எழுதினாயே, விசாரணை முடிந்ததும் வா. அப்பாவின் கட்டில் இருக்கிறது, சட்டை இருக்கிறது. நம் வீட்டுக்குப் பக்கக் கதவு கிடையாது, ஞாபகம் இருக்கும். கடை வழியாகத்தான் நுழைய வேண்டும். கடைப் பெஞ்சில், அவன் அப்பா உட்கார்ந்த இடத்தில், சுருட்டை தினமும் வந்து உட்கார்கிறான். மூன்று விரல் கையை மடியில் வைத்துக்கொண்டு தெருவையே பார்க்கிறான். ஷட்டரைத் தாங்கி அவன் அம்மாவை உயிரோடு வெளியே அனுப்பியவர் என்பதால் அப்பாவின் மேல் அவனுக்கு இப்போது கோபம் இல்லை. நீ வருவாய் என்று சொல்லியிருக்கிறேன்.

வெட்டுக்கத்தியைக் கழுவி உள்ளே வைத்துவிட்டேன். இந்தத் தடவை நான் குறுக்கே வர மாட்டேன்.

வருகிற வரைக்கும் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா